மேட்டுக்கருப்பு குடிபோன மேடு

1

வருகிற மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் ஆளுக்கொரு கதை ஓடிக்கொண்டிருக்கிறது. வேல்ஸில் நாங்கள் புதையல் எடுத்துப் பிடிபட்டோம் என்று திருநகரில் ஒரு கதை. வெள்ளைக்காரன் இடத்தில் கோயில் கட்டி, அவன் வந்து இடித்துவிட்டான் என்று வாடிப்பட்டியில் ஒரு கதை. என் சொந்தத் தங்கையே போனில், "ஏக்கா, மச்சானை உள்ள வச்சுட்டாய்ங்களாமே?" என்று கேட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தவரைப் பற்றித்தான் கேட்டாள். இனி ஒவ்வொருத்தருக்காகச் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது வேல்ஸின் நடுப்பகுதியில் ஒரு சிற்றூர். நான் இங்கே முதியோர் இல்லத்தில் நர்ஸ். என் வேலையை வைத்துத்தான் குடும்பத்துக்கே விசா. என் வீட்டுக்காரர் பாண்டி, மதுரையில் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு இங்கே ரொட்டி வேன் ஓட்டுகிறார். மகள் கயல் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புகளில் இருக்கிறாள்.

வாடகை வீடு. சமையலறையில் பாத்திரம் கழுவும் இடத்துக்கு நேரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே சிமெண்டு போட்ட முற்றம், ஒரு சந்து, சந்துக்கு அப்பால் ஒரு மேடு. தென்னை உயரம் இருக்கும். கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி உருண்டையாக, உச்சி மட்டும் தட்டையாக, மேலெல்லாம் பச்சைப் புல். சுற்றிலும் ஒரு பள்ளம். அதில் மழைத்தண்ணீர் நிற்கும். செம்மறி ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். ஆறு வருஷமாக, இரவில் ஊறப்போட்ட குக்கரைத் தேய்த்தபடி தினமும் காலையில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அது ஒரு கோட்டை என்று கயல்தான் முதலில் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போய்க் காட்டினார்களாம். ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுக்கு முன்னால், இந்தப் பக்கம் அடித்துக்கொண்டிருந்த பிரபுக்களில் எவரோ ஒருவர், சுற்றிலும் அகழி வெட்டி, வெட்டிய மண்ணை நடுவில் கொட்டி மேடாக்கி, உச்சியில் மரத்தால் கோட்டை கட்டியிருக்கிறார். மரம் மக்கிப்போய்விட்டது. மேடு மட்டும் நிற்கிறது. வேல்ஸ் மொழியில் இதற்குப் பெயர் தொமென். குப்பைமேட்டுக்கும் அதே பெயர்தானாம். எங்களுக்குக் கோட்டை என்றால் திண்டுக்கல் மலைக்கோட்டை. ஆடு மேய்கிற மண்மேட்டைப் போய்க் கோட்டை என்றால் எப்படி நம்புவது? "சரி சரி, தோசை ஆறுது, தின்னு" என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்குக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம்.

2

இவருடைய குலசாமி மேட்டுக்கருப்பு. வாடிப்பட்டிக்கு மேற்கே, வாய்க்கால் பாசனம் எட்டாத பொட்டலில் ஒரு மேடு. ஊர்க்காரர்கள் கருப்பன் மேடு என்பார்கள். உச்சியில் மூன்று கல், ஒரு அரிவாள், ஒரு வேப்பமரம். கூரை கிடையாது. கருப்புக்குக் கூரை ஆகாதாம். மேட்டில் எங்கே காலை வைத்தாலும் பானை ஓடு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பாக, நகம் பட்டால் மின்னும். கல்யாணமான புதிதில் ஒரு ஓட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எந்தக் காலத்துதுங்க?" என்று கேட்டேன். "சாமி காலத்து" என்றார்.

நான் திருவாதவூர்ப் பக்கம் பிறந்தவள். எங்கள் பக்கத்து மலைகளில் சமணப் படுக்கை இருக்கிறது, எழுத்து இருக்கிறது, அரசாங்கம் வைத்த நீலப் பலகையும் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை என்று எழுதியிருக்கும். அந்தப் பலகை மேலேயே பெட்டிக்கடைக்காரர் துண்டைக் காயப்போட்டிருப்பார். பலகை என்றால் அவ்வளவுதான் என்று பார்த்து வளர்ந்தவள் நான். கருப்பன் மேட்டில் அந்தப் பலகைகூடக் கிடையாது. சாமி இருக்கும்போது பலகை எதற்கு என்று யாரும் யோசித்ததில்லை.

மாசி சிவராத்திரிக்குப் பங்காளி வகையறா முழுக்க அங்கே கூட வேண்டும். எந்த ஊரில் என்ன வேலையில் இருந்தாலும் அன்றைக்கு வந்துவிட வேண்டும். இங்கே வந்த பிறகும் இவர் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷமாவது லீவு போட்டு ஓடிவிடுவார். போன மாசியில் முடியவில்லை. நிரந்தரமாகத் தங்குவதற்கான மனுவைப் போட்டிருந்தோம். அது முடிவாகும்வரை நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் மனு செத்துப்போகும். அந்த மனுவில் ஒரு கேள்வி: உங்கள் மேல் குற்ற வழக்கு ஏதாவது உண்டா? மூன்று பேருக்கும் இல்லை என்று போட்டிருந்தோம். அதற்குமேல் ஏதாவது நடந்தால் தெரிவிக்க வேண்டும் என்றும் போட்டிருந்தது.

வீட்டு அலமாரியில், பருப்பு டப்பாக்களுக்கு மேலே, மஞ்சள் துணியில் முடிந்த ஒரு பொட்டலம் இருந்தது. கருப்பன் மேட்டுப் பிடிமண். வெளியூர் போய் நிலைக்கிற குடும்பம் சாமி காலடியில் ஒரு பிடி மண் எடுத்துப்போய், போன இடத்தில் புதைத்து, மேலே கல் நட்டுக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம். முந்தைய தடவை போனபோது பூசாரி எடுத்துக் கொடுத்து, இவர் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்துவிட்டார். அயல்நாட்டு மண்ணை இந்த நாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அப்போது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஊறுகாய்க்குத்தான் பயந்துகொண்டே வந்தோம்.

கொண்டுவந்தாரே தவிர வைக்க இடமில்லை. முற்றமெல்லாம் சிமெண்டு. வீட்டு ஓனரிடம் கேட்டதற்கு ஒரு பூந்தொட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார். கருப்பைத் தொட்டியிலா வைப்பது?

மாசி பிறந்ததும் இவருக்குத் தூக்கம் போயிற்று. "எல்லாரும் அங்க கூடி நிப்பாய்ங்க செல்வி. நம்ம சாமி இங்க மிளகாய்த்தூள் டப்பா பக்கத்துல உக்காந்திருக்கு."

"அதுக்கு என்னங்க பண்ணச் சொல்றீங்க?"

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். மேடு நின்றது.

3

இதை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு மேடு, வேலி இல்லை, வீடு இல்லை, விவசாயம் இல்லை என்றால் வேறு ஆட்கள் இது யாருடையது என்று விசாரிப்பார்கள். நமக்கு அது பொறம்போக்கு. பொறம்போக்கில் மேடு இருந்தால் அது சாமிக்கு. இவ்வளவுதான் இவருடைய கணக்கு. நானும் மறுத்துப் பேசவில்லை. பேசத் தோன்றவே இல்லை.

சிவராத்திரி கழிந்த காலையில், கயல் பள்ளிக்கூடம் போனதும், கிளம்பினோம். நான் பிளாஸ்கில் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டேன். இவர் வேட்டிக்கு உள்ளே கம்பளிப் பேண்ட் போட்டிருந்தார். மேலே ஏற வேண்டாம், வழுக்கும் என்று நான் சொன்னதால், மேட்டின் அடியிலேயே ஒரு முள்மரத்துப் பக்கம் இடம் பார்த்தார். புல்லைச் சதுரமாகக் கீறி எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, முழங்கை ஆழத்துக்குத் தோண்டினார். மண் கறுப்பாக, ஈரமாக, பிசுபிசுவென்று வந்தது. மஞ்சள் முடிச்சை அவிழ்த்து நம் மண்ணை அதில் கொட்டினார். அந்தக் கறுப்பின் மேல் சிவப்பாக விழுந்தது. மூடி, ஆற்றிலிருந்து எடுத்து வைத்திருந்த மூன்று கல்லை நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார். எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்தார். சூடம் காற்றில் நிற்கவில்லை. என் குடையைப் பிடித்து மறைத்து ஏற்றினோம்.

கும்பிட்டு எழுந்தபோது அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

4

பத்து நாள்கூட ஓடவில்லை. சாயந்தரம் கயல் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற பேஸ்புக் பக்கம். அதில் எங்கள் மூன்று கல். மழையில் குங்குமம் கரைந்து கல்லெல்லாம் வழிந்திருந்தது. பார்க்க ரத்தம் மாதிரியே இருந்தது. கீழே வரிசையாக ஆத்திரம். புதையல் திருடர்கள் என்றார் ஒருவர். பில்லி சூனியம் என்றார் இன்னொருவர். நாய் கூட்டிப்போகும் ஒரு பெண், நம்முடைய தொமெனை எந்தப் பாவி வெட்டினான் என்று அழுகிற பொம்மை போட்டிருந்தார். போலீசுக்கும், பழஞ்சின்னங்களைக் காக்கிற அரசுத் துறைக்கும் சொல்லியாயிற்று என்று கடைசி வரி.

"அப்பாவா?" என்றாள் கயல்.

நான் அடுப்பை அணைத்தேன்.

"அம்மா, அது ப்ரொடெக்டட். ஒரு ஸ்பூன் மண்ணு எடுத்தாக்கூட க்ரைம். போர்டு இருக்கு, வாசல்லயே இருக்கு!"

"நாங்க சந்து வழியாப் போனோம்டி."

"அது எங்க தொமென்மா! அங்கதான் நாங்க எல்லாம்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினாள். அங்கேதான் அவர்கள் பனிக்காலத்தில் சறுக்குவார்கள், சிப்ஸ் தின்பார்கள், பரீட்சை முடிந்த அன்றைக்குக் கூடி உட்காருவார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். எங்க தொமென் என்று அவள் சொன்னதில் நாங்கள் இரண்டு பேரும் இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

பாண்டி வேலை முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். முள்மரத்தைச் சுற்றி நீலமும் வெள்ளையுமாக நாடா கட்டியிருந்தார்கள்.

"போயி எடுத்துட்டு வந்துர்றேன்" என்று செருப்பை மாட்டினார். கயல் கதவை மறித்து நின்றாள்.

"மறுபடி தோண்டினா அது இன்னொரு க்ரைம்ப்பா."

"வச்சதை எடுக்குறதுமாடீ குத்தம்?"

"ஆமா."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அடுத்து எங்களுக்குள் நடந்த சண்டையை இங்கே எழுத முடியாது. யாராவது வந்து கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடலாம் என்றார் அவர். இந்த ஊரில் குங்குமம் வைத்திருக்கிற வீடு நம் வீடு ஒன்றுதான் என்றேன் நான். என் பயமெல்லாம் அந்த மனுதான். வழக்கென்று வந்து இவருடைய மனு தள்ளுபடியானால், இவர் மட்டும் ஊருக்குப் போக வேண்டும். என் வேலை இங்கே, கயல் படிப்பு இங்கே. ஒரு பிடி மண்ணுக்காகக் குடும்பம் இரண்டாகப் போகும். அதை நினைக்க நினைக்க எனக்கு இவர்மேல் கொலைவெறி வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஊரிலிருந்து கொழுந்தன் சேகர் கூப்பிட்டார். இவருடைய தம்பி. வாடிப்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறார்.

"அண்ணே, கருப்பன் மேட்டுல யாரோ அளவுகல்லு நட்டுட்டுப் போயிருக்காய்ங்கண்ணே. ரோடு போட கிராவல் எடுக்கப் போறாய்ங்களாம்."

"எவன்டா சொன்னது?"

"நட்டவனே சொல்றான்."

5

பழஞ்சின்னத் துறையிலிருந்து வந்தவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். சேறு படிந்த பூட்ஸ், மழைக்கோட்டு, மார்பில் அடையாள அட்டை. கெரிஸ் என்று பெயர் சொன்னார். சந்தில் உள்ள எல்லா வீடுகளிலும் விசாரித்துக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் தொங்குவதைப் பார்த்துச் சிரித்தார்.

உள்ளே வரச் சொல்லி டீ போட்டேன். பாண்டி எதிரில் உட்கார்ந்தார். கயல் மாடிப்படியில் நின்றாள். மேட்டில் நடந்தது பற்றி ஏதாவது தெரியுமா என்று கெரிஸ் கேட்டார். தெரியாது என்று சொல்லப்போகிறார் என்று நான் இவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று காலையில்தான் ஜன்னலில் நின்று கும்பிட்ட சாமி. அதைத் தெரியாது என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. ரொட்டி வேன் ஓட்டுகிறபோது உதவுகிற ஆங்கிலம் அந்த நேரத்தில் உதவவில்லை.

"அங்கே எங்கள் குடும்பத்துக் கருப்பைப் புதைத்திருக்கிறேன்" என்றார் ஆங்கிலத்தில். "அவர் எங்கள் மூத்தவர்."

கெரிஸின் பேனா நின்றது. டீக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "அங்கே ஒரு மனிதர் புதைக்கப்பட்டிருக்கிறாரா?" என்று கேட்டார்.

"ஆமாம், சாமி" என்றார் இவர், இன்னும் தெளிவாக.

அவர் கை போனைத் தேடுவதை நான் பார்த்தேன். அப்போதுதான் கயல் படியிறங்கி வந்தாள். ஆங்கிலத்தில் அல்ல, வேல்ஸ் மொழியில் பேச ஆரம்பித்தாள். கெரிஸ் திரும்பி அவளைப் பார்த்தார். அவரும் அதே மொழியில் ஏதோ கேட்டார். இவள் சொன்னாள். அவர் கேட்டார். இவள் கையைக் குவித்து ஒரு பிடி என்று காட்டினாள். எங்களைக் கைகாட்டினாள். மேட்டைக் கைகாட்டினாள். கெரிஸ் எழுதிக்கொண்டே இருந்தார்.

நானும் பாண்டியும் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இரண்டு பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தோம். எங்கள் தலையெழுத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரு சொல் புரியவில்லை. காட்டிக்கொடுக்கிறாளா, காப்பாற்றுகிறாளா என்றே தெரியவில்லை. தமிழ் வகுப்புக்கு வர மாட்டேன் என்று சனிக்கிழமை தோறும் கதவைச் சாத்திக்கொண்டவள் இவ்வளவு சரளமாக என்னதான் பேசுகிறாள் என்று வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கெரிஸ் எழுந்து ஆங்கிலத்தில் இவரிடம் சொன்னார். உண்மையைச் சொன்னதற்கு நன்றி. இது சிறிய விஷயம் இல்லை. வழக்குப் போடுவதா வேண்டாமா என்பது தன் கையில் இல்லை. முடிவு வரும்வரை அந்த இடத்தைத் தொடக்கூடாது, கல்லைக்கூட எடுக்கக்கூடாது.

அவர் போனதும் கயலைக் கேட்டேன். "என்னடி சொன்ன?"

"உள்ளதைத்தான் சொன்னேன்."

"அதான், என்ன?"

அவள் எரிச்சலோடு போனைப் பார்த்தபடி சொன்னாள். "இந்தியாவுல எங்களுக்கு ஒரு தொமென் இருக்கு. அதுல ஒரு கைப்பிடி இது. அப்பா அதைத் திருடல, கொண்டுவந்து வச்சாரு. அந்த மேட்டுல ஏறினா செருப்பைக் கழட்டணும். இங்கயும் கழட்டிட்டுத்தான் தோண்டியிருப்பாருன்னு சொன்னேன். கழட்டினீங்களாப்பா?"

பாண்டி தலையாட்டினார். மாசிக் குளிரில் வெறுங்காலோடுதான் நின்றார். கயல் கருப்பன் மேட்டுக்குப் போனது இரண்டே தடவை. இரண்டு தடவையும் நெருஞ்சி குத்துகிறது, வெயில் தாங்கவில்லை, எப்போது போவோம் என்று பிடுங்கி எடுத்தாள். அவள் செருப்பைக் கவனித்திருப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை.

6

அப்புறம் காத்திருப்பு. வேலைக்குப் போவேன், பாட்டிமாருக்கு மாத்திரை கொடுப்பேன், ரத்த அழுத்தம் பார்ப்பேன், என்னுடையது எகிறிக்கொண்டிருக்கும். வாசலில் தபால்காரர் நிழல் தெரிந்தால் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவேன். விவரத்தைக் குடியேற்றத் துறைக்கும் எழுதித் தெரிவித்தோம். கயல்தான் எழுதினாள். அதற்குப் பிறகு அங்கிருந்து பேச்சு மூச்சு இல்லை.

இதற்குள் இன்னொரு துறை முளைத்தது. பயிர் நோய்களைத் தடுக்கிற துறை. அயல்நாட்டு மண், அதனால் தோண்டி எடுத்து அழிக்க வேண்டும் என்று அவர்கள் சொன்னார்கள். தோண்டினால் மேடு இன்னும் சேதமாகும், தொடக்கூடாது என்று கெரிஸின் துறை சொன்னது. இரண்டு துறைக்காரர்களும் எங்களைக் கேட்காமல் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள். மண் எந்த ஊரில் எடுத்தது, எவ்வளவு எடுத்தது, வேர் ஏதும் இருந்ததா, எத்தனை காலம் காய்ந்து கிடந்தது என்று எங்களுக்கும் கேள்வி மேல் கேள்வி. ஒரு பிடி மண்ணுக்கு இவ்வளவு மரியாதையை நான் என் வாழ்க்கையில் கண்டதில்லை. நம் ஊரில் ஒரு மலைக்கே கிடைத்ததில்லை.

அங்கே சேகர் அலைந்துகொண்டிருந்தார். தாலுகா ஆபீசுக்குப் போனால் கலெக்டர் ஆபீஸ் என்றார்கள். கலெக்டர் ஆபீசுக்குப் போனால் மனுவைக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

"கோயில்னு எங்கிட்டும் பதிவே இல்லையாம் மதினி. பொறம்போக்குன்னுதான் இருக்காம். கூரை இருக்கா, கட்டடம் இருக்கான்னு கேக்குறாய்ங்க. கருப்புக்குக் கூரை ஆகாதுன்னா சிரிக்கிறாய்ங்க."

"பானை ஓடு கெடக்குமே தம்பி, அதைச் சொன்னீங்களா?"

"ஒரு பை நெறைய அள்ளிட்டுப் போயி மேசை மேல கொட்டுனேன். மேசைய அழுக்காக்கிட்டேன்னு ப்யூன் சத்தம் போடுறான்."

கயல் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில், "அங்க ஏன்மா யாரும் பாதுகாக்கல?" என்று கேட்டாள். இங்கே ஒன்பது நூற்றாண்டு மேட்டுக்கு ஒரு கெரிஸ் பூட்ஸ் போட்டுக்கொண்டு மழையில் வருகிறார். அங்கே எத்தனை நூற்றாண்டு என்று சொல்லக்கூட ஆளில்லாத மேடு. எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் அவள்மேலேயே காட்டிவிட்டேன். "பேசாம சாப்புடு."

ஒரு நாள் காலையில் சேகர் வீடியோ அனுப்பினார். ஜேசிபி. மேட்டின் இடுப்பில் அதன் கை இறங்குகிறது. சிவப்பு மண் லாரியில் விழுகிறது. கூடவே ஓடுகள் கொத்தாக விழுகிற சத்தமும் கேட்டது. பின்னால் சேகர் குரல்: "டேய் நிறுத்துங்கடா, சாமி இருக்குடா." அப்புறம் படம் ஆடி, தரையைக் காட்டி, நின்றுவிட்டது. பாண்டி அதை வேனில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அன்றைக்கு ரொட்டி எல்லாக் கடைக்கும் தாமதமாகப் போயிற்று.

சாயந்தரம் வந்து ஜன்னல் பக்கத்தில் நின்றார். வெளியே நாடா காற்றில் படபடத்தது. "அங்கயும் இந்த நாடாவைக் கட்டியிருக்கலாம்ல செல்வி" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அவர் அப்பா இறந்தபோது. அதற்கப்புறம் அன்றைக்குத்தான்.

7

சித்திரை வெயில் ஊரில் கொளுத்திக்கொண்டிருந்தபோது இங்கே கெரிஸ் மறுபடி வந்தார். இந்தத் தடவை பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். கயல் என்னைப் பார்த்தாள்.

வழக்கு இல்லை. எழுத்தில் கடுமையான எச்சரிக்கை மட்டும். மேலே இருக்கிற கற்களை நாங்களே எடுத்துவிட வேண்டும். குழியைப் பொறுத்தவரை இரண்டு துறையும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கின்றன. உள்ளே இருக்கிற மண்ணை எடுக்கத் தோண்டினால் சேதம் கூடும், விடுவதால் கெடுதல் இல்லை. அதனால் அது அங்கேயே இருக்கலாம்.

"இருக்கலாமா?" என்று பாண்டி மறுபடி கேட்டார்.

"இருந்தாக வேண்டும்" என்றார் கெரிஸ். "இனி அதுவும் பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள் இருக்கிறது. யாரும் தோண்டக்கூடாது. நீங்களும்."

நான் அடுப்படிக்குள் போய் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் என்னவோ வந்தது. கெரிஸுக்கு முறுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அரசு வேலையில் இருப்பதால் வாங்கக்கூடாது என்றார். ஒன்றை மட்டும் எங்கள் எதிரிலேயே தின்றுவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் எங்கள் மனுவுக்கும் பதில் வந்தது. மூன்று பேரும் இருக்கலாம்.

8

அன்றைக்குப் பாயசம் வைத்து, சேகரைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவருக்கும் சந்தோஷம்தான். குரலில் மட்டும் ஏதோ இருந்தது. அப்புறம் சொன்னார்.

"மேடு போச்சுண்ணே. சுத்தமாப் போச்சு. பள்ளமாக் கெடக்கு. மழை பேஞ்சு தண்ணி நிக்கிது. கல்லையும் அருவாளையும் நம்ம மாட்டுக் கொட்டத்துல வச்சிருக்கேன். வேப்பமரம் லாரியோட போயிருச்சு."

சேகர் தொடர்ந்தார். வகையறா கூடிப் பேசியிருக்கிறார்கள். வாடிப்பட்டி பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கிச் சாமியை அங்கே வைப்பது என்று முடிவு. அதற்குப் பழைய இடத்துப் பிடிமண் வேண்டும். பள்ளத்தில் அள்ளிக்கொள்ளலாம் என்று ஆட்கள் சொன்னதற்குப் பூசாரி ஒத்துக்கொள்ளவில்லை. சாமி உட்கார்ந்திருந்த மண்தான் பிடிமண், இது அடிமண், வேறு மண் என்று சொல்லிவிட்டார். லாரியில் போன மண் எந்த ரோட்டுக்கு அடியில் கிடக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

"அண்ணே, நீ கொண்டுபோனேல்ல. அது பூசாரி கையால எடுத்தது. அந்த மண்ணுதான் இப்ப மிச்சம். அதுல ஒரு பிடி கொண்டாந்திருண்ணே. இனி நீ போக வரலாம்ல?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. பாண்டி கயலைப் பார்த்தார். நானும் கயலைப் பார்த்தேன். ஏதாவது வழி இருக்குமா, இவள் அவர்கள் மொழியில் கெஞ்சிக் கேட்டால் விடுவார்களா என்று எனக்கு ஒரு ஆசை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை இல்லை என்று ஆட்டினாள். கண் நிறைந்திருந்தது.

"தோண்ட முடியாதுடா சேகரு" என்றார் இவர்.

"கொஞ்சூண்டுண்ணே."

"கொஞ்சூண்டுகூட முடியாது. எடுத்தா நானே குத்தவாளி. மழையில நின்னு அந்தப் பொம்பளை காப்பாத்திக் குடுத்திருக்கு. நான் போயி அதை வெட்ட மாட்டேன்."

அந்தப் பக்கம் கடைக்கு யாரோ வந்து யூரியா கேட்பதும், சேகர் அப்புறம் வா என்று சொல்வதும் கேட்டது. கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அண்ணன் தம்பி பேச்சே நின்றுபோகும் என்று பயந்தேன்.

"அப்ப சாமி அங்கதான் இருக்கு" என்றார் சேகர்.

"ஆமாடா."

"அதை யாரும் தொட முடியாது."

"முடியாது."

"ஜேசிபி?"

"சித்தப்பா, இங்க ஜேசிபி கிட்டக்கூட வர முடியாது" என்றாள் கயல்.

"சரித்தா." குரல் கொஞ்சம் உடைந்து, பிறகு நேரானது. "அப்ப நாங்கதான் வரணும். வர்ற மாசிக்கு வகையறாவுல ரெண்டு பேராச்சும் வாரோம். மதினி, இருக்கீங்களா? விசாவுக்கு என்னென்ன வேணும்னு சொல்லுங்க. எதுக்கு வாரீங்கன்னு ஒரு கேள்வி இருக்குமாமே, அதுல என்னன்னு எழுத?"

வருஷக்கணக்காக அந்தக் கேள்விகளை நிரப்பிப் பழகியவள் நான். சாமி கும்பிட என்று எழுதினால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். எந்தக் கோயில் என்பார்கள். விலாசம் கேட்பார்கள். கூரை இருக்கிறதா என்பார்கள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். நாடாவை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். முள்மரத்தடியில் புல் மூடிவிட்டது. இடம் எது என்று தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"சொந்தக்காரரைப் பாக்கன்னு எழுதுங்க தம்பி" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை.